கீழ் வீட்டுக்கும் சொல்லிவிடு

அன்று காலை ஆறு பத்துக்குப் போன் செய்தபோது ஆம்ப்ரோஸ் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ரொவீனா. காத்து வடக்குலேர்ந்துதான் அடிக்குது. தீ ஆத்துக்கு அந்தப் பக்கம். அவசரம் ஒண்ணும் இல்ல. வீட்லயே இரு."

ரொவீனா தூக்கக் கலக்கத்தில் நடையின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பதினாலு வருஷமாக அந்த மனிதர் அவளைப் பஸ்காரம்மா என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. மெரிங்கல் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை அவள் ஓட்டுகிறாள் என்பதற்காக அவர் வைத்த பெயர். கடையில் பார்த்தாலும் சரி, சாவு வீட்டில் பார்த்தாலும் சரி, அதே பெயர்தான்.

"என்ன, இன்னிக்கு பஸ்காரம்மா இல்லையா? பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடறீங்க. எதாவது தப்பு பண்ணிட்டேனா?"

அவர் வழக்கமாக இருமுவார், முட்டி வலியைத் திட்டுவார், இரண்டும் இல்லை. தூரத்தில் ஒரு நீளமான ரயில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுபோல் ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. பழைய மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"பஸ்காரம்மா," என்றார் அவர், வாயில் போட்டு ருசி பார்ப்பதுபோல மெதுவாக. பிறகு, "கீழ் வீட்டுக்கும் சொல்லிடு."

டிங்கர்ஸ் மேட்டில் மூன்றே வீடுகள். உச்சியில் ஆம்ப்ரோஸ். நடுவில் ரொவீனாவும் அவள் தங்கை ட்ரூடியும். இரண்டு கிலோமீட்டர் கீழே, சாலை ஓடையை நோக்கி இறங்கத் தொடங்கும் இடத்தில், இமோஜென். ஆம்ப்ரோஸ் முப்பது கோடைகாலம் தீக் கண்காணிப்புக் கோபுரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அவர் வராந்தாவிலிருந்து பார்த்தால் இரண்டு பள்ளத்தாக்குகளும் தெரியும். மோசமான நாட்களில் அவர் ரொவீனாவுக்குப் போன் செய்வார், ரொவீனா இமோஜெனுக்குச் செய்வாள். ரேடியோவில் யார் என்ன சொன்னாலும் மேட்டில் கடைசிப் பேச்சு ஆம்ப்ரோஸ் பேச்சுதான்.

"யாரு, கிழவனா?" என்றாள் ட்ரூடி உள்ளறையிலிருந்து. அவள் மூக்கிலிருந்து போகும் பிளாஸ்டிக் குழாய் கட்டிலடியில் கடகடத்துக்கொண்டிருந்த பிராணவாயு இயந்திரத்தில் முடிந்தது. முப்பது வருஷம் முடி திருத்தும் கடை நடத்தி, அங்கே அடித்த மருந்துப் புகையையும் அதற்கு மேல் சிகரெட்டுப் புகையையும் விழுங்கி, ஐம்பத்தொரு வயதில் நுரையீரலைத் தொலைத்தவள்.

"ஆமா. இருங்கன்னுட்டார்."

"அப்பாடா! போன கோடையில நாலு தடவ மூட்ட கட்டிக்கிட்டு ஓடினோம். எல்லாரையும் அடைச்சு வைக்கிற அந்த ஹாலு, அந்த பிளாஸ்டிக் நாற்காலி, அந்த பெரில் அவ கால் ஆபரேஷனப் பத்திச் சொல்ற கத. திரும்பி வந்து பார்த்தா வீடு ஜம்முனு நிக்குது. தீயில வெந்து சாகறது எவ்வளவோ மேல்க்கா."

"வாயக் கழுவுடி."

"தண்ணிய மிச்சம் பண்ணுன்னு நீதானே சொன்ன?"

ரொவீனா சிரித்தாள். ஆனாலும் கண் குளிர்பெட்டிக் கதவுக்குப் போயிற்று. அங்கே ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது, அவள் கையெழுத்துதான்: மிக அபாய நாள் என்று அறிவித்தால் காலை ஏழுக்குள் கிளம்ப வேண்டும், யோசிக்கக் கூடாது. நேற்றே அறிவித்துவிட்டார்கள். யோசிக்கக் கூடாது என்பதற்கு அடியில் அவளே இரண்டு கோடு போட்டிருந்தாள். மணி ஆறு இருபது. அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

இமோஜென் முதல் மணியிலேயே எடுத்தாள். நகரத்திலிருந்து வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது, இந்த மேட்டில் அவளுக்கு இது முதல் கோடை. புருஷன் நாட்டின் மறுகோடியில் சுரங்கத்தில் வேலை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவான். ஏழு மாதக் குழந்தை தியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு, காட்டைப் பார்த்துப் பயந்துகொண்டே இருந்தாள். தீக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி என்று அவளுக்கு அங்குலம் அங்குலமாகச் சொல்லிக் கொடுத்தது ரொவீனாதான்.

"ரொவீனாக்கா, பை எல்லாம் வண்டியில ஏத்திட்டேன். கிளம்பலாமா?"

"ஆம்ப்ரோஸ் இருக்கச் சொல்றார். தீ ரொம்ப தூரத்துலயாம்."

"ரேடியோல..."

"ரேடியோக்காரன் நகரத்துல உட்கார்ந்து பேசறான். அவர் கண்ணால பாக்கறார்."

"சரிக்கா. நீங்க சொன்னா சரி." அவள் மூச்சு விட்டது கேட்டது. "நீங்க சொல்ற வரைக்கும் நான் அசைய மாட்டேன்."

வீட்டிலேயே இருப்பதென்றால் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். ரொவீனா கம்பளிச் சட்டையும் கனத்த காலணியும் போட்டுக்கொண்டு இறங்கினாள். வாசல் மிதியடி, பிரம்பு நாற்காலி, விறகுக் கட்டு என்று சுவரை ஒட்டி எரியக்கூடியது எது இருந்தாலும் இழுத்து வெட்டவெளியில் போட்டாள். எரிவாயு சிலிண்டரின் வாயை வீட்டுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பினாள். கோழிக் கூட்டைத் திறந்துவிட்டாள், கோழிகள் வெளியே வரவில்லை. ஏணியை வைத்துக் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் கிடந்த சருகையெல்லாம் கையால் வாரிப் போட்டுவிட்டு, தண்ணீர் இறங்கும் ஓட்டைகளை டென்னிஸ் பந்தால் அடைத்து, அது நிறையத் தண்ணீர் விட்டாள். குளியல் தொட்டி, வாளி, சமையல் அண்டா எல்லாவற்றையும் நிரப்பினாள். திரைச்சீலைகளைக் கழற்றினாள். துண்டுகளை நனைத்துக் கதவடியில் திணித்தாள். வெளியே தண்ணீர்த் தொட்டியடியில் இருந்த பம்பில் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், பம்பு ஓடிற்று. நடையில், கூரைக்குள் ஏறும் வழியை மூடியிருந்த பலகைக்கு நேர் கீழே, சின்ன ஏணி ஒன்றை நிறுத்தினாள். கங்கு கூரைக்குள் புகுந்தால் ஏறி அணைப்பதற்கு.

ஒன்பது மணிக்கே வெயில் தோலைக் கிள்ளியது. வடக்கிலிருந்து வந்த காற்றில் அடுப்பைத் திறந்த வாசனை. தைல மரங்கள் பட்டையை நீள நீளமாக உரித்துப் போட்டுக்கொண்டு நின்றன. பட்டைகள் காற்றில் அடிமரத்தில் மோதி, யாரோ விரல் நகத்தால் கதவைத் தட்டுவதுபோல் தட்டின. வேறு சத்தமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விடிந்தால் கத்தி உயிரை வாங்கும் மாக்பை பறவைகள் வேலிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அலகைத் திறந்தபடி, சத்தமில்லாமல். எல்லாமே வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தன.

பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. ட்ரூடியின் இயந்திரம் ஒரு முனகலோடு நின்றது. அந்தக் கடகடப்பு இல்லாத வீடு திடீரென்று பெரிதாகத் தோன்றியது.

"ஆக்ஸிஜன் சிலிண்டர மாட்டு," என்றாள் ட்ரூடி. முகத்தில் கிண்டல் இருந்தது, குரலில் இல்லை. "எத்தன மணி நேரம் வரும்?"

"ஆறு. கொஞ்சமா வெச்சா எட்டு."

"அப்ப நான் பேச்சக் குறைக்கணும்."

"அது நடக்கற காரியமா?"

பேட்டரி ரேடியோவில் ஒரு பெண் ஊர்ப் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தாள். மெரிங்கலுக்கு முந்தின ஊர் வரை வந்தாள். பிறகு ரேடியோ கரகரத்து அடங்கிவிட்டது. கைபேசியில் நேற்று மாலையிலிருந்தே ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. சுவரில் மாட்டியிருந்த, சுருள் கம்பி தொங்கும் பழைய போன் மட்டும், மின்சாரம் வேண்டாத காரணத்தால், உயிரோடு இருந்தது.

பத்தே முக்காலுக்கு அது அடித்தது.

"பஸ்காரம்மா." இந்தத் தடவை தயக்கமே இல்லை. "காத்து மாறல. வீட்லயே இரு."

"ஆம்ப்ரோஸ், கரண்ட் போயிடுச்சு. ட்ரூடிக்கு சிலிண்டர்தான் ஓடுது. பேசாம கிளம்பிடட்டுமா? இப்பவே லேட்டுதான்."

"ரோட்டுல போறதுதான் ஆபத்து. வீடு பத்திரம்." அந்த ரயில் இரைச்சல் காலையைவிடக் கிட்டத்தில் இருந்தது. "கீழ இருக்காளே, அந்தப் பொண்ணு. நீ சொன்னாக் கேப்பாளா?"

"யாரு, இமோஜெனா? நான் சொன்னா மட்டும்தான் கேப்பா. ஏன்?"

"உன்ன என்னன்னு கூப்பிடுவா?"

ரொவீனா வாயைத் திறந்தாள். கிழவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று தோன்றியது. "ரொவீனாக்கான்னு. என்ன ஆம்ப்ரோஸ் இது? உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கா?"

"ரொவீனாக்கா," என்றார் ஆம்ப்ரோஸ். போன் வைக்கப்பட்டது.

வைத்த பிறகும் அவள் சற்று நேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தாள். காதுப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. தன் காதுச் சூடுதான் என்று சொல்லிக்கொண்டாள். திரும்ப அவருக்கே போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தோட்டத்துக்குப் போயிருப்பார். பிறகு, செய்ய வேண்டியதைச் செய்வது பழக்கமாகிவிட்ட கைகளோடு, இமோஜெனின் எண்ணைச் சுழற்றினாள்.

"இரும்மா. அவர் இருக்கத்தான் சொல்றார்."

"சரிக்கா," என்றாள் இமோஜென். பின்னால் தியோ சிணுங்கிக்கொண்டிருந்தான்.

நண்பகல் தாண்டியதும் வெளிச்சம் கெட்டுப்போயிற்று. முதலில் பழுப்பு, பிறகு தேன் நிறம், பிறகு பழைய ரத்தக் கறை நிறம். சமையல்மேடை, தட்டு, ட்ரூடியின் முகம் எல்லாம் அதே நிறத்துக்கு மாறின. வெளியே கங்காருக்கள் வந்து நின்றன. ஏழெட்டு இருக்கும். வழக்கமாக மனித வாடை பட்டாலே தாவி ஓடுகிறவை, முற்றத்தில் முன்னங்கால்களைத் தொங்கவிட்டு நின்றன. ரொவீனா வாளியோடு பக்கத்தில் போனபோது ஒன்றுகூட நகரவில்லை. அவற்றில் ஒன்றின் முதுகில் மயிர் கருகிச் சுருண்டிருந்தது.

மேலேயிருந்து எதுவோ சுழன்று வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. பெரணி இலை. ஒரு காம்பு குறையாமல் முழுசாக, கறுப்பாக, ஆறிப்போய். தொட்டதும் பொடியாயிற்று. இன்னொன்று வந்தது. பிறகு எண்ண முடியவில்லை. வடக்கே, ஆம்ப்ரோஸ் வீட்டுப் பக்கம், வானம் என்று ஒன்று இல்லை. மேடே எழுந்து நின்றுவிட்டதுபோல் ஒரு சாம்பல் சுவர் நின்றது, அதன் அடிவாரம் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னாரே.

மழைநீர்க் கால்வாய் மறுபடி சருகால் நிறைந்திருக்கும் என்று கூரையோர ஏணியில் ஏறினாள். மேல் படியில் நின்றபோது சட்டைப்பையில் கைபேசி துடித்தது. பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள கைபேசிக் கோபுரத்திலிருந்து அந்த உயரத்தில் சில சமயம் ஒரு கோடு சிக்னல் வரும். ஒரே ஒரு செய்தி. அனுப்பியது ஆம்ப்ரோஸ். அனுப்பிய நேரம், நேற்று மாலை ஏழு நாற்பது.

பஸ்காரம்மா, என் பொண்ணு வந்து என்னை மறுபக்க ரோட்டால பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போறா. நாளைக்கு மேட்டுல யாரும் இருக்கக் கூடாது. நாலு தடவை போன் பண்ணேன், உன் லைன்ல இரைச்சல்தான் வருது. விடியறதுக்கு முன்னாடி ட்ரூடியை ஏத்திட்டுக் கிளம்பு. கீழ் வீட்டுக்கும் சொல்லிவிடு.

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் நகர்ந்தன. ஏணியின் இரும்பு உள்ளங்கையைச் சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் போன் அடித்தது.

ஒரு மணி. இரண்டு. ட்ரூடி சக்கரம் வைத்த சிலிண்டரை இழுத்துக்கொண்டு நடையில் போவது தகரக் கூரை வழியாகக் கேட்டது. "எடுக்காதே!" என்று கத்தினாள் ரொவீனா. காற்று அந்தச் சொல்லை வாயோடு பிடுங்கிக்கொண்டது. மணி நின்றது.

எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. உள்ளே ஓடினாள். ட்ரூடி ரிசீவரை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு நீலமாக இருந்தது.

"யாருடி?"

ட்ரூடி அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

"நீ," என்றாள்.

"என்ன சொல்ற?"

"நீதான் பேசின. 'ட்ரூட், உள்ளயே இரு, படுத்துக்கோ, நான் வந்துட்டே இருக்கேன்'னு. நீ ஏணியில நிக்கற சத்தம் கூரையோரம் கேட்டுச்சு. போன்லயும் நீ." அவள் மூச்சுக்குத் திணறினாள். "அக்கா, அது என்னை 'ட்ரூட்'னு கூப்பிட்டுச்சு. அம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவா."

ரொவீனா ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். இரைச்சல். ரயில் இல்லை அது. காடு முழுக்க ஒரே சமயத்தில் எரிகிற சத்தம். அதற்கு நடுவில் யாரோ அமைதியாகக் காத்திருந்தார்கள்.

"யாரு நீ?"

"வீட்லயே இரு," என்றது அவள் குரல்.

தொடர்பைத் துண்டித்தாள். இமோஜெனின் எண்ணைச் சுழற்றினாள், தப்பாயிற்று, மறுபடி சுழற்றினாள்.

"ஹலோ?"

"இமோஜென், நான்தான். தியோவத் தூக்கிக்கோ. வண்டியில ஏறு. இந்த நிமிஷம். ஓடைப் பாலத்தத் தாண்டு, நிக்காம மெரிங்கல் போ."

மறுமுனையில் தியோ சிணுங்குவது மட்டும் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது." இமோஜென் கிசுகிசுத்தாள். "அவங்க சொன்னாங்க."

"யாரு என்ன சொன்னாங்க?"

"ரொவீனாக்கா இப்பதான் பேசினாங்க. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. அவங்க குரல்லயே யாரோ போன் பண்ணுவாங்க, கிளம்பச் சொல்லுவாங்க, நம்பாதேன்னாங்க. வீட்டுக்கே வந்தாலும் கதவத் திறக்காதேன்னாங்க."

"இமோஜென், அது நான் இல்ல! நான்தான் ரொவீனா! நான்..."

"அதையும் சொல்லுவாங்கன்னு சொன்னாங்க," என்றாள் இமோஜென் அழுதுகொண்டே. வைத்துவிட்டாள்.

மூன்று நிமிஷத்தில் ட்ரூடி பிக்-அப் வண்டியின் முன்சீட்டில் இருந்தாள், மடியில் சிலிண்டர், தலையோடு ஈரக் கம்பளி. மணி இரண்டரை. வண்டியின் விளக்கைப் போட வேண்டியிருந்தது. முற்றத்தில் கங்காருக்கள் இன்னும் அப்படியே நின்றன. அவற்றைச் சுற்றித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

"நேரா பாலத்துக்குப் போனா தப்பிச்சிடலாம்," என்றாள் ரொவீனா. சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ட்ரூடி கம்பளிக்குள்ளிருந்து பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "அந்தப் பொண்ண... இருக்கச் சொன்னது... நாம."

"நான். நீ இல்ல."

"காலையில... அப்பாடான்னவ... நான்தானே. நிறுத்துக்கா. கூட்டிட்டு வா."

சாலை தெரியவில்லை. சாலையோர வெள்ளைக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் புகைக்குள்ளிருந்து வந்தன, போயின. இருபது வருஷம் பஸ் ஓட்டிய கைகள் தாமாகவே திருப்பங்களை எடுத்தன. பின்கண்ணாடியில் ஆரஞ்சு நிறம். கங்குகள் கண்ணாடியில் மழைபோல் மோதின. அவள் வீடு இருந்த இடத்தில் ஏதோ பெரிதாக வெடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது காற்று நின்றது.

ஒரு முழு நிமிஷம், ஓர் இலைகூட அசையவில்லை. இமோஜென் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அந்த அமைதிதான். பிறகு காற்று திரும்பி வந்தது. மறுபக்கத்திலிருந்து. ஓடைப் பக்கத்திலிருந்து. இத்தனை நேரம் மேட்டின் பக்கவாட்டில், ஓடையோரமாக ஊர்ந்துகொண்டிருந்த தீ, அகலம் முழுவதையும் முகமாக்கிக்கொண்டு மேட்டை நோக்கித் திரும்பும் சத்தம் கேட்டது.

"ஹார்ன அடிச்சிக்கிட்டே இரு," என்றாள் ரொவீனா. "நீ இருக்கேன்னு தெரியணும்."

ட்ரூடி ஹார்னில் கையை வைத்து அழுத்தினாள்.

புது வீடு. தீக்குத் தாங்கும்படி சட்டப்படி கட்டியது. இரும்புக் கதவு, கெட்டிக் கண்ணாடி. கதவடியில் ஈரத் துண்டு இறுக்கமாகத் திணித்திருந்தது. வாசல் மிதியடி இல்லை. மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் நிறைந்திருந்தது. ரொவீனா சொல்லிக் கொடுத்தது எல்லாம் ஒன்று விடாமல் செய்யப்பட்டிருந்தது.

கதவைக் குத்தினாள். "இமோஜென்! நான்தான்! ட்ரூடி வண்டியில இருக்கா, பாரு! ஹார்ன் கேக்குதா?"

ஜன்னலுக்கு ஓடினாள். திரைச்சீலை இல்லை, அதையும் கழற்றச் சொல்லியிருந்தாள். உள்ளே ஒரு டார்ச் விளக்கு. தரையில் சுவரோடு சுவராக இமோஜென். மடியில் தியோ, ஈரக் கம்பளிக்குள். காதில் போன்.

இமோஜென் ஜன்னலைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது தீயைப் பார்த்த பயம் இல்லை. ரொவீனாவைப் பார்த்த பயம். போனில் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினாள். உதடு அசைந்தது. "ஆமாக்கா. ஜன்னல்ல நிக்குது."

ரொவீனா வண்டிக்கு ஓடினாள். சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்தாள். திரும்பி வந்தாள். கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். இரும்பு தெறித்துத் திரும்பியது. மறுபடி. தோள்மூட்டு கழன்றதுபோல் வலித்தது. ஒரு கீறல் விழவில்லை. உள்ளே இமோஜென் குழந்தையை இறுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

காலில் எதுவோ இடறியது. குனிந்து பார்த்தாள்.

கம்பி. வீட்டு மூலையிலிருந்து சாலைக்குப் போகும் போன் கம்பி. வாசலோரத்துக் கம்பம் அடியோடு எரிந்து சாய்ந்திருந்தது. கம்பி அறுந்து புல்லில் கிடந்தது. அறுந்த நுனி செம்பு மினுங்க அவள் காலணியடியில் இருந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

உள்ளே இமோஜென் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையாட்டிக்கொண்டிருந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. யாரோ ஆறுதல் சொன்னதுபோல முகம் தெளிந்திருந்தது.

பின்னால் வெப்பம். முதுகில் கம்பளிச் சட்டை மொறுமொறுத்தது. வெளிச்சம் வெள்ளையாயிற்று.

ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

அடித்துக்கொண்டிருந்தது.

நின்றது.

ரொவீனா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் இமோஜென் போனைத் தன் காதிலிருந்து எடுத்தாள். குனிந்து, மெதுவாக, அதைக் குழந்தையின் காதில் வைத்தாள்.

தியோ சிணுங்குவதை நிறுத்தினான். கேட்டான். பிறகு பல் முளைக்காத வாயைத் திறந்து சிரித்து, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான். அம்மாவைப் பார்த்து இல்லை. ஜன்னலைப் பார்த்தும் இல்லை. இருட்டாயிருந்த அறையின் மூலையைப் பார்த்து.